பச்சை மனிதன் படம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்கப் போர் விமானிகள் வானில் கண்ட மர்மப் பொருள்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கு மேலே பெரிய கண்களுடன் ஒரு பச்சை மனிதன் படத்தையும் போட்டிருந்தீர்கள். நான் விமானப்படையின் ராடார் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வேற்றுக்கிரகவாசிகள் இங்கே வந்து போகிறார்கள் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தும் அந்தப் படம் எரிச்சலூட்டியது. அந்த விமானிகளில் பலர் இத்தனை காலம் வாய் திறக்காததற்கு இந்தப் பச்சை மனிதனும் ஒரு காரணம்.

2014இல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் பயிற்சிக்குப் புறப்பட்ட இரண்டு எஃப்-18 போர் விமானங்களுக்கு எதிரே ஏதோ ஒன்று வந்தது. கண்ணாடி போன்ற உருண்டை, அதற்குள் கறுப்புக் கனசதுரம். முன்னால் சென்ற விமானத்துக்கு ஐம்பதடி தூரத்தில் கடந்தது. பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பாதுகாப்பு அறிக்கையும் கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து பதிலே இல்லை. அந்த விமானங்களின் படையணியில் விமானியாக இருந்த ரயன் கிரேவ்ஸ் 2023 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு முன் சொன்ன சாட்சியம் இது. ஐம்பதடி என்றால் என்னவென்று வானில் பறந்தவர்களுக்குத் தெரியும். அது பலூனோ, டிரோனோ, வேறு எதுவோ, மோதியிருந்தால் விமானி பிழைத்திருப்பாரா?

2004இல் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த டேவிட் ஃபிரேவர், இறக்கை இல்லாத நீள்வட்ட வெள்ளைப் பொருளைக் கண்டார். கப்பலுக்குத் திரும்பியதும் கிடைத்த வரவேற்பு? உள்தொலைக்காட்சியில் வேற்றுக்கிரகவாசித் திரைப்படங்களைப் போட்டுச் சிரித்தார்கள். இதைப் பார்த்த இளைய விமானி அடுத்த முறை எதையாவது கண்டால் சொல்வாரா?

2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறை வெளியிட்ட அறிக்கையில் இப்படி மர்மப் பொருள் கண்ட 144 நிகழ்வுகள் இருந்தன. அவற்றில் உறுதியாக விளங்கியது ஒன்றே ஒன்று: காற்று இறங்கிய பெரிய பலூன். இதை உங்கள் கட்டுரையாளர் வியந்து எழுதியிருக்கிறார், சரி. ஆனால் அதே அறிக்கையில் மோதல் மயிரிழையில் தப்பிய 11 சம்பவங்கள் இருப்பதை அவர் தொடவே இல்லை. 144இல் பெரும்பகுதி கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்தவை. காரணம் எளியது. 2019 மார்ச்சில்தான் கடற்படை இதைப் பதிவு செய்ய ஒரு முறையை ஏற்படுத்தியது. திடீரென்று வானத்தில் கூட்டம் கூடிவிடவில்லை. சொல்ல ஓர் இடம் கிடைத்தது, சொன்னார்கள்.

சொன்னால் பயம் தெளியவும் வழியுண்டு. கடல்மேல் ஒரு பொருள் அசுர வேகத்தில் பாய்வதாகப் பரபரப்பான காணொளி ஒன்றை நாசாவின் குழு கணக்கிட்டுப் பார்த்தது. வேகம் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர், காற்றில் மிதக்கும் பொருளுக்கு ஏற்றதுதான். ஆனால் இதுபோன்ற கடற்படைக் காணொளிகள் 2017இலிருந்தே உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்க, பென்டகன் அவற்றை முறைப்படி வெளியிட்டது 2020 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் கதை கட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

பிரான்ஸின் விண்வெளி மையம் 1977இலேயே இத்தகைய மர்மப் பொருள்களை ஆராயவென ஒரு பிரிவைத் தொடங்கியது. 2007இல் தன் கோப்புகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. அமெரிக்காவால் ஏன் அவ்வளவு சீக்கிரம் அது முடியவில்லை என்று உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதட்டும், வாங்கிப் படிக்கிறேன்.

– ஒரு வாசகர், தாம்பரம்