வந்ததுக்கு வச்ச கைநாட்டு, சம்மதத்துக்கு வச்சது ஆகாது: எண்ணூர் கழி சீரமைப்பு வேலைய பாக்குற அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எந்த ஆபீஸ், யாரு பேருன்னு நான் இங்க எழுதல, படிச்சா உங்களுக்கே தெரியும். சாம்பல், எண்ணெய், முகத்துவாரம் மண்ணடிச்சுக்குறதுன்னு பழைய கதைய எல்லாம் திரும்ப ஆரம்பிக்கப் போறதில்ல, அது எங்க மனு கட்டுலயே உங்க பீரோவுல இருக்கு. நான் எழுத உக்காந்தது ஒரே ஒரு தாளுக்காக.

ரெண்டு மாசம் முன்னாடி எங்க குப்பத்து சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டீங்க. முந்தின நாள் ராத்திரி ஒம்போது மணிக்கு வாட்ஸப்ல தகவல் வந்துச்சு, காலைல பதினோரு மணிக்கு கூட்டம். அன்னிக்கு நல்ல வத்தம், அதாவது கடல் தண்ணி உள்வாங்கி கழி வத்துற நேரம், இறங்குனா நாலு காசு பாக்குற நேரம், இருந்தாலும் நம்ம கழி பத்தி பேசுறாங்கன்னு பொழப்ப விட்டுட்டு வந்தாங்க. உள்ள நுழையும்போதே ஒரு அட்டைய நீட்டி "வந்தவங்க கையெழுத்து போடுங்க"ன்னு சொன்னாங்க. 41 பேரு போட்டோம், எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வச்சாங்க. போன வாரம் உங்க திட்ட அறிக்கை பிடிஎஃப்பா யார் யார் கையோ மாறி என் போனுக்கு வந்துச்சு, 62 பக்கம், ஒரு வரி கூட தமிழ் கிடையாது. நான் மணலி பக்கம் ஒரு கம்பெனில கணக்கு எழுதுறேன், அதனால ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சு முடிச்சேன். 47-வது பக்கத்துல அதே தாளு இருக்கு. மேல தலைப்பு மட்டும் மாறியிருக்கு, உள்ளூர் மீனவ மக்கள் இந்தத் திட்டத்துக்கு சம்மதம் குடுத்துட்டாங்கன்னு. அஞ்சாவது வரிசைல எங்க அம்மாவோட பெருவிரல் ரேகை.

அம்மாகிட்ட காட்டுனேன். கொஞ்ச நேரம் போனையே பாத்துட்டு, "வந்தேன்னு தானடி வச்சேன், சரின்னு எப்போ சொன்னேன்"னு கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க.

நாங்க கேக்குறது ஒண்ணுதான். இந்தக் கழிய எப்படிப் பாத்துக்குறதுன்னு முடிவு பண்ற குழுவுல, கழில இறங்கி பொழைக்குறவங்களுக்கு இடம் வேணும். ஓரமா உக்காந்து கை தட்டுறதுக்கு இல்ல, வேணாம்னா வேணாம்னு சொல்றதுக்கும் அது எழுத்துல பதிவாகுறதுக்கும்.

அன்னிக்கு கூட்டத்துல எங்க அம்மா எழுந்து பேசுச்சு, உங்கள்ல ரெண்டு மூணு பேருக்காவது ஞாபகம் இருக்கும்னு நம்புறேன். கழில புதுசா வந்து பரவுற காக்கா ஆழிங்குற சிப்பி பத்தி சொல்ல ஆரம்பிச்சுச்சு, முடிக்குறதுக்குள்ள "அத அடுத்த கட்டத்துல பாக்கலாம்மா, உக்காருங்க"ன்னு மைக்க வாங்கிட்டாங்க. அம்மா சொல்ல வந்தத நான் இங்க சொல்லிடுறேன்.

எங்க அம்மா முப்பது வருஷத்துக்கு மேல கழில இறால் தடவுது. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணில குனிஞ்சு, ஓலைல முடைஞ்ச பறிக் கூடைய பல்லுல கவ்விக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்த தடவிக்கிட்டே போகணும். இறால் உள்ளங்கைல ஒரு துடி துடிக்கும், அந்த நொடில அமுக்கிப் புடிச்சு பறிக்குள்ள போடணும். கண்ணுக்கு அங்க வேலையே இல்ல, எல்லாம் விரல் தான். விரல் நுனில படுறது இறாலா, நண்டுக் காலா, வெறும் சிப்பியான்னு அதுக்குத் தெரியும். முன்னெல்லாம் ஒரு வத்தத்துக்கு ரெண்டு கிலோ, நல்ல நாள்ல மூணு கிலோ கூட கொண்டு வரும், எங்க மூணு பேரையும் படிக்க வச்சது அந்த இறால் தான். மட்டி பொறுக்கி வந்து ராத்திரில குழம்பு வைக்கும், இப்ப மஞ்ச மட்டி குழம்பு எப்படி இருக்கும்னு எங்க அக்கா புள்ளைக்குத் தெரியாது.

இப்ப அந்தச் சேத்து மேல காக்கா ஆழி பாய் விரிச்ச மாதிரி படர்ந்து கிடக்கு. தென் அமெரிக்கா பக்கத்து ஜாதி அது, கப்பல் ஆடாம நிக்க அடில நிரப்புற நிலைப்புத் தண்ணில வர்றதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. கறுப்பா, சின்னதா, நார் விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒரே கொத்தா நிக்கும். அதுக்குக் கீழ சேறு அழுகி நாறும், மட்டி மூச்சு முட்டி செத்துடும், இறால் பதுங்க இடம் இருக்காது. ஓரம் பிளேடு மாதிரி. அம்மா ரப்பர் கையுறை போட்டுப் பாத்துச்சு, அத போட்டா இறால் துடிக்குறது தெரியலன்னு கழட்டிடுச்சு. இப்ப என்னோட பழைய சாக்ஸ நுனி வெட்டி கைல மாட்டிக்கிட்டு இறங்குது, நுனி மட்டும் வெளிய இருக்கணும் இல்ல, வெட்டுறதும் அந்த நுனிய தான். ராத்திரி சாப்பிட்டதும் வாசப்படில உக்காந்து, நான் செல்போன் லைட்ட அடிக்க, ஊசியால விரல்ல இருந்து ஓட்டுத் துணுக்க ஒவ்வொண்ணா எடுக்கும். எடுத்துட்டு மஞ்சளும் தேங்கா எண்ணெயும் கொழைச்சு பூசும். மறுநாள் உப்புத் தண்ணில திரும்ப அதே கை. அரை கிலோ கிடைச்சா அன்னிக்கு நல்ல நாள்.

ஐயா, உங்க 62 பக்கத்துல அந்நிய இனம்னு ஒரு பகுதி இருக்கு, சீமைக் கருவேலத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, நல்லது தான். காக்கா ஆழி பத்தி ஒரு வரி இல்ல. கரைல நின்னு பாத்தா கருவேலம் தான் தெரியும், ஆழி தண்ணிக்கு அடில இருக்கு, அது கால்ல கிழிச்சவங்களுக்குத் தான் தெரியும், அவங்கள நீங்க உக்காரச் சொல்லிட்டீங்க.

இன்னொண்ணும் இருக்கு. அலையாத்திக் கன்னு நடுறதுக்கு நாலு ஏக்கர் குறிச்சிருக்கீங்க, வரைபடத்துல அந்த இடத்துக்குப் பேரு, தமிழ்ல சொன்னா, "பயன்பாட்டில் இல்லாத சேற்றுத் திட்டு". எங்க ஊர்ல எந்தச் சின்னப் புள்ளைய கேட்டாலும் சொல்லும், அது மட்டித் திட்டு, வத்தத்துல பொம்பளைங்க இறங்குற இடம், தண்ணி ஏறுற ஏத்தத்துல படகு திரும்புற வழி. போட்டோ எடுத்த நேரத்துல அங்க யாரும் இல்ல, அவ்வளவு தான். நீங்க அலையாத்தின்னு சொல்ற மரத்த எங்க ஆயா கண்டல்னு சொல்லும், கண்டல் இருந்தா தான் நண்டு நிக்கும்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், கண்டல் நடுறத நாங்க எதிர்க்கவே இல்ல. எங்க நட்டா நிக்கும்னு கேட்டிருந்தா வடக்க ரெண்டு இடம் காட்டியிருப்போம், தண்ணி வந்து வந்து போற இடம். முன்ன ஒரு தடவ இப்படித்தான் கேக்காம நட்டுட்டுப் போனாங்க, தண்ணி தேங்கி உப்பு ஏறி எல்லாம் செத்து இன்னிக்கு மூங்கில் குச்சி மட்டும் வரிசையா நிக்குது.

பிச்சாவரத்துல இதே பிரச்சனை இருந்துச்சே. வெள்ளைக்காரன் காலத்துல காட்ட மொத்தமா வெட்டுனதால நிலம் பள்ளம் விழுந்து, தண்ணி வெளிய போக வழியில்லாம உப்பு கட்டி கண்டல் அழிஞ்சுது. அங்க வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் ஜனங்களோட சேந்து, கிராமத்துக்கு கிராமம் குழு போட்டு, மீன் முள்ளு மாதிரி கிளை கிளையா வாய்க்கா வெட்டி ஏத்த வத்தத்த உள்ள விட்டு காட்ட திரும்ப கொண்டு வந்தாங்க. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியாது. வேடந்தாங்கல் இன்னும் பழசு, 1798 வாக்குல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த வெள்ளைக்காரரே அந்த ஊர் ஜனங்களோட உரிமைய எழுதிக் குடுத்தாருன்னு சொல்றாங்க, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், அதனால ஊரே காவல் காத்துச்சு. யாருக்குப் பொழப்பு அதுல இருக்கோ அவங்க தான் ராத்திரியும் பாத்துப்பாங்க.

எங்ககிட்டயும் முறை இல்லாம இல்ல. பழவேற்காட்டுல சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் பாடு, அதாவது வலை போடுற இடம், எந்த நாளுன்னு பிரிச்சுக்குறாங்க, எங்க கழிலயும் ஊருக்கு ஊரு முறை வச்சு தான் வலை கட்டுறோம். ஒருத்தரே எல்லாத்தயும் வாரிடக் கூடாதுன்னு பாட்டன் காலத்துல இருந்து வர்ற ஏற்பாடு அது. குறையும் இருக்கு, அத நானே சொல்லிடுறேன், இந்தப் பாடு முறைல பொம்பளைங்களுக்கோ இருளர் ஜனங்களுக்கோ பங்கு கிடையாது, கையால தடவுறவங்க கணக்குலயே வர மாட்டாங்க. அதனால குழுவுல இடம் குடுக்கும்போது ஊர் நிர்வாகத்துல இருந்து நாலு ஆம்பளைங்கள கூப்பிட்டு உக்கார வச்சிட்டு முடிச்சுடாதீங்க. இறால் தடவுற பொம்பளைங்களுக்கு, இருளர்களுக்கு, வடகரைல காட்டுப்பள்ளி பக்கத்து ஜனங்களுக்குன்னு தனித்தனியா இடம் வேணும்.

சட்டத்துல இல்லாதத நாங்க கேக்கல. 2002-ல வந்த பல்லுயிர் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும்னு சொல்லுது. 2017 ஈரநில விதி, ஈரநிலத்த விவேகமா பயன்படுத்திக் காப்பாத்தணும்னு சொல்லுது. பயன்படுத்துறவங்கள வெளிய நிறுத்திட்டு என்ன பயன்பாடு, என்ன விவேகம்?

கழியோட தென்கரை சென்னை மாவட்டம், வடகரை திருவள்ளூர் மாவட்டம். தண்ணி ஒரு துறை, மரம் ஒரு துறை, மீன் ஒரு துறை, அழுக்கு ஒரு வாரியம், கப்பல் வர்ற இடம் இன்னொருத்தர். ஒரு மனுவத் தூக்கிட்டு எங்க அண்ணன் நாலு ஆபீஸ் ஏறி இறங்குனான், நாலு இடத்துலயும் "இது எங்க லிமிட் இல்ல"ன்னாங்க. 1996-ல ஒப்புதல் கிடைச்ச கடற்கரை வரைபடத்துல இந்தக் கழி 6,000 ஏக்கருக்கு மேல இருந்துச்சு, அப்புறம் வந்த ஒரு வரைபடத்துல அதையே காணோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழி பூரா மூடுனப்ப முதல்ல இறங்குனது யாரு? எங்க ஆளுங்க பக்கெட்டும் மக்கும் வச்சு அள்ளுனாங்க, தோல் வெந்து போச்சு, கூழைக்கடா எல்லாம் எண்ணெய் பூசிக்கிட்டு பறக்க முடியாம நின்னுச்சு. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அம்மோனியா கசிஞ்சு, புள்ளைங்கள தூக்கிட்டு இருட்டுல ரோட்டுல ஓடுனோம். அள்ளுறதுக்கும் ஓடுறதுக்கும் நாங்க வேணும், முடிவெடுக்க உக்காரும்போது மட்டும் நாங்க யாருன்னே தெரியாதா உங்களுக்கு? சென்னையோட கரண்டுக்கும் பெட்ரோலுக்கும் இடம் குடுத்த ஊரு சார் இது, ஒரு நாற்காலிக்கு நாங்க இவ்வளவு கெஞ்சணுமா?

மன்னிக்கணும், கோவத்துல குரல் ஒசந்துடுச்சு. உங்கள்ல சில பேரு நல்ல மனசோட தான் வர்றீங்க, சேத்துல இறங்கி செருப்பு போனாலும் பரவால்லன்னு கடைசி வரைக்கும் நடந்து வந்த ஒரு மேடத்த அம்மா இன்னிக்கும் சொல்லும். அதனால தயவு செஞ்சு கேக்குறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி அறிக்கைய தமிழ்ல குடுங்க, படிக்க பதினஞ்சு நாளாவது விடுங்க. கூட்டத்த அமாவாசை பௌர்ணமி பக்கம் வைக்காதீங்க, அப்ப தான் நல்லா வத்தும், பொம்பளைங்க கழில இருப்பாங்க. அட்டமி நவமில வைங்க, எல்லாரும் வருவாங்க. கன்னு நடுற இடத்தக் குறிக்க வரும்போது எங்க படகுலயே வாங்க, ஒரு வத்தம் ஒரு ஏத்தம் கூட இருந்து பாருங்க. காக்கா ஆழிய எடுக்குற வேலைய முதல் கட்டத்துலயே சேருங்க, எங்கெங்க படர்ந்திருக்குன்னு அம்மாவும் அது கூட இறங்குறவங்களும் கைய வச்சே காட்டுவாங்க. குழுவுல எங்களுக்கு இடம் குடுங்க, மறுத்துப் பேசுற உரிமையோட.

இதெல்லாம் செய்ய கொஞ்சம் நாளாகும்னு தெரியும். ஒண்ணு மட்டும் இன்னிக்கே செய்யலாம். 47-வது பக்கத்த அறிக்கைல இருந்து எடுத்துடுங்க. எடுத்துட்டோம்னு ஒரு வரி தமிழ்ல எழுதி அனுப்புங்க, நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

இப்படிக்கு,
எண்ணூர் குப்பத்துல இறால் தடவுற ஒரு அம்மாவோட பொண்ணு