சிகாகோ ஏன் அங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் சிகாகோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை வில்லிஸ் கோபுரத்தின் உச்சியில் தொடங்கி பீட்சாவில் முடிந்துவிடுகிறது. அந்த ஊர் அந்த இடத்தில் ஏன் முளைத்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மிச்சிகன் ஏரி தெற்கு வடக்காக ஏறத்தாழ 500 கி.மீ. நீளம். நல்ல துறைமுகம் அமையக்கூடிய இடங்கள் அதன் கரையில் வேறு எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, தென்மேற்கு மூலையில் சேறும் காட்டுப் பூண்டுமாகக் கிடந்த ஒரு சதுப்பில் போய் இன்று 27 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்றால், அதற்கு ஏரியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. காரணம் ஊருக்கு மேற்கே இருக்கிறது.

சிகாகோ ஆறு அந்நாளில் கிழக்கே ஓடி ஏரியில் கலந்தது. மேற்கே சில மைல் தூரத்தில் டெஸ் பிளேன்ஸ் ஆறு. அது இல்லினாய் ஆற்றில் சேர்ந்து, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நீர்பிரி மேடு கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தாழ்வு. பனி உருகி வெள்ளம் வரும் மாதங்களில் படகிலிருந்து இறங்காமலே ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். கோடையில் சேற்றில் படகை இழுத்தோ தோளில் சுமந்தோ கடக்க வேண்டும். பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய வழி இது. 1673இல் மிசிசிப்பியிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் மார்க்வெட், ஜோலியே இருவருக்கும் இதைக் காட்டிக் கொடுத்தவர்கள் அவர்களே. இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் போதுமே என்று ஜோலியே அப்போதே சொன்னார். வெட்டி முடிக்க 1848 ஆயிற்று: இல்லினாய்–மிச்சிகன் கால்வாய், 96 மைல். அதே ஆண்டில் ஊரின் முதல் ரயிலும் ஓடியது, தானியச் சந்தையான போர்ட் ஆஃப் டிரேடும் தொடங்கியது. 1833இல் சுமார் 350 பேரோடு சிற்றூராகப் பதிவான இடம், 1890 கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டியது. படகைச் சுமந்து கடந்த அந்த இடம் லயன்ஸ் என்ற புறநகரில், ஹார்லம் அவென்யூ ஓரமாக இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சுற்றுலாப் பேருந்து எதுவும் அந்தப் பக்கம் போவதாகத் தெரியவில்லை.

முதல் குடியேற்றம் பற்றிக் கட்டுரையில் உள்ளதைத் திருத்தியாக வேண்டும். 1803இல் கட்டிய டியர்போர்ன் கோட்டையோடு ஊரின் கதை தொடங்கவில்லை. அதற்கு முன்பே, 1780களில், ஆற்றின் வடகரையில் வீடும் பண்ணையும் வணிகமுமாக நிலைத்தவர் ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாப்ல் என்ற கறுப்பினத்தவர். மனைவி பொட்டவாட்டமிப் பழங்குடிப் பெண். 1800இல் சொத்தை விற்றுவிட்டுப் போனார். விற்பனைப் பத்திரத்தில் உள்ள வீடு, கொட்டில், மாடு, கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் அது காட்டுக் குடிசை அல்ல, வசதியான பண்ணை என்பது விளங்கும். கோட்டை வந்தது பிறகு. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த 1812 போரில் அதைக் காலி செய்து வெளியேறியவர்கள் வழியிலேயே தாக்கப்பட்டார்கள், கோட்டை எரிந்தது, 1816இல் மறுபடி கட்டினார்கள். 1833 உடன்படிக்கையோடு பொட்டவாட்டமிகள் எஞ்சிய நிலத்தையும் இழந்து மேற்கே அனுப்பப்பட்டார்கள். மிச்சிகன் அவென்யூ பாலத்தில் நின்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்: வடகரைச் சதுக்கத்தில் டு சாப்லின் மார்பளவுச் சிலை, தென்கரை நடைபாதையில் கோட்டையின் எல்லையைக் காட்டும் பித்தளைப் பட்டைகள். காலடியில் இருப்பதால் பெரும்பாலானோர் மிதித்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.

சதுப்பில் ஊர் கட்டியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. நிலம் ஏரி மட்டத்தைவிடச் சில அடிதான் உயரம், ஆகவே கழிவுநீர்க் குழாயைப் புதைக்கச் சரிவு கிடையாது. 1850களில் பொறியாளர் செஸ்பரோ சொன்ன வழி: குழாயைத் தெருவின் மேலேயே பதியுங்கள், அதை மண்ணால் மூடித் தெருவை உயர்த்துங்கள், கட்டடங்களையும் தூக்குங்கள். அப்படியே செய்தார்கள். நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை அடியில் வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் திருக, செங்கல் ஓட்டல்கள் உள்ளே ஆள் இருக்கும்போதே மேலெழுந்தன. சாக்கடைச் சிக்கல் தீர்ந்தது, குடிநீர்ச் சிக்கல் பிறந்தது. குழாய் ஆற்றில் விழ, ஆறு ஏரியில் விழ, அதே ஏரித் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது. 1867இல் ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் போட்டுத் தொலைவிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள், அதுவும் போதவில்லை. கடைசியில் 28 மைலுக்கு ஆழமான கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் விழுந்த ஆறு இப்போது ஏரியிலிருந்து புறப்படுகிறது. கழிவு தன் பக்கம் வருகிறதென்று, ஆற்றின் போக்கில் கீழே இருந்த மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது.

இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு முதல் சுற்றுலா எதுவென்று சொல்லத் தேவையில்லை. கட்டடக் கலையை விளக்கும் ஆற்றுப் படகுகள் சுமார் 90 நிமிடம் ஓடும். நுழைவுச்சீட்டு வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆற்றோடு நின்றுவிடுமா, ஏரிக்கும் போகுமா? ஏரிக்குப் போகும் படகு முகத்துவாரத்தில் உள்ள நீர்ப்பூட்டுக்குள் நுழையும். கதவு மூடி, நீர்மட்டம் சில அடி ஏறியோ இறங்கியோ சரியான பிறகு மறு கதவு திறக்கும். ஆற்றைத் திருப்பிய கதையைக் கண்ணால் பார்ப்பது அங்கேதான்.

ஆற்றோரத்து வாக்கர் டிரைவ் பல அடுக்குச் சாலை. புதியவர்கள் தடுமாறுவது இங்கே. கீழ் அடுக்கில் ஜி.பி.எஸ். சிக்னல் அறுந்துபோய், கைபேசி வரைபடம் உங்களை ஏதோ ஒரு கட்டடத்துக்குள் நிறுத்தி வைக்கும். வாடகைக் காரை அழைக்கும்போது நீங்கள் மேல் தெருவில் நிற்கிறீர்களா, கீழ்த் தெருவிலா என்று சொல்லாவிட்டால், ஓட்டுநர் உங்கள் காலுக்கு நேர் கீழே காத்திருப்பார், நீங்கள் மேலே காத்திருப்பீர்கள்.

1871 பெருந்தீயை ஓலியரி வீட்டு மாடு விளக்கை உதைத்ததால் வந்ததென்று எழுதியிருக்கிறீர்கள். அது பத்திரிகைக்காரர்கள் கட்டிய கதை. 1997இல் நகர மன்றமே அந்தக் குடும்பத்தின் மீதிருந்த பழியைத் துடைத்தது. தீ தொடங்கிய டிகோவன் தெருவில் இப்போது இருப்பது தீயணைப்புப் பயிற்சிக் கூடம். சுமார் 300 பேர் இறந்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்த அந்தத் தீயில் தப்பியவற்றில் ஒன்று 1869இல் கட்டிய தண்ணீர்க் கோபுரம். மிச்சிகன் அவென்யூவில், பளபளக்கும் கடைகளின் நடுவே மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் நிற்கிறது.

உலகின் முதல் வானளாவி என்று பலர் சொல்லும் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் (1885, பத்து மாடி) பார்க்க வேண்டிய இடமாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். அதை 1931இல் இடித்துவிட்டார்கள்! அதற்குப் பதிலாக ஜாக்சன், டியர்போர்ன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள மொனாட்நாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 1891இல் முடிந்த வடபாதி 16 மாடியும் செங்கல் சுவரின் பலத்தில் நிற்பது. அடித்தளத்தில் சுவரின் கனம் ஆறடி. களிமண் தாங்காமல், கணக்குப் போட்டதைவிட அதிகமாக இறங்கியும் விட்டது. 1893இன் தென்பாதி எஃகுச் சட்டகம், சுவர் மெல்லியது, சன்னல் அகலம். சென்னை உயர் கட்டடங்களைப் பற்றிப் பேசும் பொறியியல் மாணவர்கள் அந்த ஒரு கட்டடத்தின் முன் அரை மணி நேரம் நிற்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வில்லிஸ் கோபுரம்: 110 மாடி, 442 மீட்டர். ஒன்பது சதுரக் குழல்களைக் கட்டாகக் கட்டியதுபோன்ற அமைப்பு, டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கானுடையது. மேகம் தாழ்ந்த நாளில் 103ஆம் மாடிக்குப் பணம் கொடுத்து ஏறினால் வெள்ளைத் திரைதான் தெரியும். அன்று பழைய நூலகமான கல்ச்சுரல் சென்டருக்குப் போங்கள். 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடம், கட்டணம் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு முக்கியமான ஒரு திருத்தம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது உலகக் கண்காட்சித் திடலில் அல்ல. அந்தத் திடல் தெற்கே சுமார் ஏழு மைல் தள்ளி ஜாக்சன் பூங்காவில் இருந்தது. அதன் கலை மாளிகைதான் இன்றைய அறிவியல், தொழில் அருங்காட்சியகம். சமயப் பேரவை கூடியது நகர நடுவில், இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தில். சென்னையில் விவேகானந்தரின் சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பியது அங்கே போகத்தான். அன்றைய கூடம் இப்போது இல்லை. ஃபுல்லர்டன் அரங்கம் அந்த இடத்தில் இருக்கிறது. வாரத்தில் எந்தெந்த நாள் மூடியிருக்கும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

முகவரி கண்டுபிடிப்பது இந்த ஊரில் எளிது. கட்டுரையாளர் ஏன் விட்டாரோ. ஸ்டேட், மேடிசன் தெருக்கள் வெட்டும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து 800 எண் ஒரு மைல். மேற்கே ஹால்ஸ்டட் 800, ஆஷ்லண்ட் 1600, வெஸ்டர்ன் 2400. தெற்கே மட்டும் முதல் மூன்று மைலில் இந்தக் கணக்கு ஒத்து வராது: ரூஸ்வெல்ட் 1200, செர்மாக் 2200, அடுத்தது 31ஆம் தெரு. அதற்குப் பிறகு சரியாகிவிடும். இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ வடக்கே 6400, அதாவது எட்டு மைல். ரெட் லைன் ரயிலில் லயோலா நிலையத்தில் இறங்கி 155 எண் பேருந்தில் மேற்கே போகலாம். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர புளூ லைன் இரவு பகல் ஓடுகிறது, முக்கால் மணி நேரம்.

இந்துக் கோவில்கள் இரண்டு நகருக்கு வெளியே உள்ளன: அரோராவில் பாலாஜி, லெமான்ட்டில் ராமர். அரோராவுக்கு மெட்ரா புறநகர் ரயில் எல்லா நாளும் உண்டு, நிலையத்திலிருந்து கார் பிடிக்க வேண்டும். லெமான்ட் ரயிலோ வேலை நாட்களில் அலுவலக நேரத்துக்கு மட்டும். சனி, ஞாயிறு கோவிலுக்குப் போக நினைப்பவர்கள் காருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். போகிறவர்கள் மேட்டிலிருந்து இறங்கி லெமான்ட்டின் பழைய கடைத்தெருவையும் பார்த்துவிட்டு வரலாம். 1848 கால்வாய் அதன் ஓரமாகத்தான் போகிறது. தண்ணீர்க் கோபுரத்தின் மஞ்சள் கல்லும் அந்தப் பள்ளத்தாக்கில் வெட்டியதுதான்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நேப்பர்வில், இல்லினாய்