7 இன்ச் போதும், தாயி

தங்கச்சிமடம்

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் "பெரிசாவே வாங்கிடுறேம்மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மின்புத்தகம் படிக்கிற கருவி 10 இன்ச் வேண்டாம் தாயி, 7 இன்ச் வாங்கு.

நேற்று பழைய காலண்டர் அட்டையில் மூன்று துண்டு வெட்டினேன். திரையை மூலைக்கு மூலை அளப்பார்கள் என்று நீதானே சொன்னாய். 6 இன்ச்சுக்கு அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12. 7 இன்ச்சுக்கு ஏறக்குறைய 10.7, 14. 10 இன்ச், 15க்கு 20. மூன்றிலும் என் கண்ணுக்குத் தோதான அளவில் பேனாவால் எழுதிப் பார்த்தேன். 6 இன்ச்சில் வரிக்கு இரண்டு சொல்தான். தமிழ்ச் சொல் நீளமாயிற்றே, 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒன்று வந்தால் அந்த வரியே அதற்குத்தான். ஒரு பத்தி முடிவதற்குள் இரண்டு முறை பக்கம் திருப்ப வேண்டும். 7 இன்ச்சில் மூன்று நான்கு சொல் உட்கார்ந்தது. படிக்கிற ஓட்டம் அறுபடவில்லை.

10 இன்ச் பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கருவிகள் 400 கிராம் பக்கம் போகின்றன. அரைக் கிலோ ரவைப் பாக்கெட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக் கட்டிலில் சாய்ந்தேன், பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு விட்டுப்போனது. 7 இன்ச் 200 கிராம் பக்கம்தான். ராமநாதபுரம் போகிற பஸ்ஸில், பாம்பன் பாலத்துக் காற்றில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டும் படிக்கலாம்.

என் கண்ணை நினைத்துத்தான் பெரிசு பெரிசு என்கிறாய், தெரியும். ஈபப் (EPUB) என்கிற மின்புத்தக வகையில் எழுத்தை எவ்வளவு கூட்டினாலும் வரி தானாக மடிந்துகொள்ளும். பி.டி.எப்.பில்தான் எழுத்தும் பக்கத்தோடு சேர்ந்து சுருங்கிவிடும். இணையத்தில் இலவசமாகத் தமிழ் மின்புத்தகம் தருகிற ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்காரர்கள் 6 இன்ச் கருவிக்கென்றே தனி பி.டி.எப். தருகிறார்கள், அது 7 இன்ச்சில் தாராளமாக இருக்கும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் மட்டும் சிரமம். கருவியைக் குறுக்கே திருப்பி அரைப் பக்கமாகப் படித்துக்கொள்கிறேன். ஏ4 தாளில் வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு மல்லுக்கட்டும் உனக்கு 10 இன்ச் சரி. நம் இருவருக்கும் ஒரே அளவு எதற்கு?

வாங்கும்போது திரையில் இன்ச்சுக்கு 300 புள்ளி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார். புள்ளி குறைந்தால் ணை, னை சுழிகள் கலங்கும், அப்புறம் எந்த அளவு வாங்கியும் பயனில்லை. தண்ணீர் புகாததாக இருந்தால் நல்லது. இங்கே உப்புக் காற்றும் மணலும் எதையும் விடுவதில்லை.

மத்தியான வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் போன் கண்ணாடியில் பனைமரமும் என் முகமும்தான் தெரிகிறது. இந்தக் கருவியின் திரை காகிதம் மாதிரி, வெயிலில்தான் இன்னும் தெளிவு என்றாயே, அதற்காகத்தான் இவ்வளவு ஆசை.

கூரியரில் அனுப்பாதே, நீ வரும்போது கையோடு கொண்டு வா. 7 இன்ச் அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் அளவுக்குச் சுற்றிலும் கொஞ்சம் கூட்டி, உன் பழைய தாவணியில் உறை தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா