ஆம்பூர், வாணியம்பாடி ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களில் பலர் தோல் தொழிலில் இருப்பவர்கள். மற்றவர்களின் பைத்துல்மாலுக்கும் (ஜமாஅத்தின் பொதுநிதிக்கும்) அந்தத் தொழிலின் ஸகாத் வருகிறது. அதனால்தான் ஆண்-பெண் கூலி வித்தியாசம் பற்றிய இந்த மடலைத் தொழிலாளர் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் ஊர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஆனால் கட்டிங், லாஸ்டிங் (ஷூவை அச்சில் ஏற்றி வடிவமாக்குவது), மேற்பார்வை எல்லாம் பெரும்பாலும் ஆண்களிடம்தான். ஒட்டுவதும் மடிப்பதும் தைப்பதும் பெண்களுக்கு. இன்னும் பலர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் ஏஜென்ட் சொல்வதுதான். பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. விரலும் கண்ணும் கெட்டுப்போனால் கேட்க ஆளில்லை.

சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் அதுவும் சரி, இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, ஒரே வேலையையோ ஒத்த வேலையையோதான் ஒப்பிட்டுப் பார்க்கும். கட்டிங் மேசைக்கே பெண்ணை விடாவிட்டால் எதோடு எதை ஒப்பிடுவது? கூலி வித்தியாசம் சம்பள நாளில் தொடங்குவதில்லை. யாருக்கு எந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

அங்கேதான் உங்கள் பொறுப்பு வருகிறது. பெண்களுக்கான பயிற்சி என்றால் தையல், மெஹந்தி, எம்பிராய்டரி என்றுதான் நடத்துகிறோம். தப்பில்லை, ஆனால் அது குறைந்த கூலி வேலைக்கே அவர்களை மறுபடி அனுப்புகிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. காலணி வடிவமைப்பும் உற்பத்தியும் அங்கே படிக்கலாம். 1919-லேயே இஸ்லாமியா கல்லூரியைக் கண்ட வாணியம்பாடிக்கு, நாலு பெண்களை அங்கே அனுப்பிப் படிக்கவைப்பது பெரிய காரியமா?

"குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆணின் கடமை, அதனால் அவனுக்குக் கூலி அதிகம்" என்று சிலர் சொல்கிறார்கள். நஃபகா (மனைவி மக்களின் செலவைப் பார்ப்பது) கணவனின் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுக்குள் உள்ள பொறுப்பு. கூலி என்பது உழைப்பின் விலை. கல்யாணமாகாத பையனுக்கு யாரும் கூலியைக் குறைப்பதில்லை. மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் விதவைக்கு யாரும் கூட்டிக் கொடுப்பதுமில்லை. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்று சூரா அன்னிஸா 32-ஆம் வசனம் நேராகவே சொல்கிறது.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டார்கள், தைத்தார்கள், அந்த வருமானத்தைத் தர்மம் செய்தார்கள். நபி (ஸல்) அவர்களின் மனைவி செய்த தொழில் இது. தோலை நம்பி வாழும் நம் ஊர்களின் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அவர்களைப் பற்றி இன்னும் எவ்வளவோ பேசலாம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்ற ஹதீஸைச் சொல்லும் அதே மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்), எவ்வளவு கூலி என்பதையும் பேசுங்கள்.

வரும் ரமளானில் ஸகாத் கணக்குப் போடும்போது, வசதியில்லாத வீட்டுப் பெண்களின் கிண்டிப் படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். வீட்டில் தைப்பவர்களுக்கு ஜோடிக்கு என்ன கூலி என்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு வரும் பெண்ணுக்குக் கட்டிங் மேசையில் ஆணுக்குத் தரும் அதே கூலியில் இடம் தருவதாக, உங்கள் கமிட்டியில் இருக்கும் முதலாளிகள் முதலில் கையெழுத்துப் போடட்டும்.

வஸ்ஸலாம்,
வாணியம்பாடியிலிருந்து ஒரு சகோதரி