கஞ்சித் தேக்சாவுக்கும் வரைபடத்தில் ஓர் இடம் கொடுங்கள்

வேளச்சேரியில் இருக்கும் நம் மஹல்லா ஜமாஅத்தின் முத்தவல்லி அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், கட்டடக் குழுப் பெரியவர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

பள்ளிவாசலைப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஜும்ஆவுக்கு வருகிறவர்கள் வாசலைத் தாண்டித் தெருவில் பாய் விரிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஓர் ஆட்டோகூடத் திரும்ப முடியாது. எதிர்வீட்டுக்காரர்கள் இத்தனை வருடம் முகம் சுளிக்காமல் இருப்பதே பெரிய விஷயம். ஆகவே வசூல் தாராளமாக நடக்கட்டும். நான் பேச வந்தது வரைபடத்தைப் பற்றி.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரைத்தளத்தில் வண்டி நிறுத்தமும், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும் இடமும். மேலே இரண்டு தளங்களும் தொழுகைக் கூடம். அதற்கு மேல் குவிமாடம், இரண்டு மினாராக்கள். கஞ்சி காய்ச்சும் இடத்தைத் தேடினேன், காணோம். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டும் அறை பின்சுவரை ஒட்டி, கார்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பெண்களுக்கு அறையே கிடையாது. இந்த ஊர் நம் பள்ளிவாசலை எதற்காகவெல்லாம் தேடி வருகிறதோ, அதில் பாதி இந்தப் படத்தில் இல்லை.

ரமலானில் மதியத் தொழுகையான லுஹர் முடிந்த கையோடு, அடுப்பில் தேக்சா என்கிற பெரிய கஞ்சி அண்டா ஏறிவிடும். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு விழுது, கடைசியில் தேங்காய்ப்பாலும் புதினாவும். துடுப்பு மாதிரி நீளமான கரண்டியை ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்துக் கிளறுவார்கள். கொஞ்சம் விட்டால் அடிப்பிடித்துவிடும், அப்புறம் அன்றைக்கு மஹல்லா முழுக்க அதே பேச்சுத்தான். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு தூக்குச்சட்டி, டிபன் கேரியரோடு வரிசை நிற்கும். வரிசையில் நிற்கிற எல்லோரும் நோன்பாளிகள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். இஸ்திரி வண்டி அக்கா வருவார், கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார் பையன்கள் வருவார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு என்று ஒரு டம்ளர் கேட்டு வருகிறவர்களும் உண்டு. யாரையும் நீ யார் என்று நாம் கேட்டதில்லை. அரசு பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சி அரிசி கொடுக்கிறது, சரி. மற்ற சாமான்கள் மஹல்லா மக்களின் கைக்காசு. அத்தனையும் இன்று ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. புதுப் படத்தில் அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் நான்கு கார்கள் நிற்கின்றன.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் கீழே இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, மாடித் தொழுகைக் கூடத்தில்தான் கைக்குழந்தைக்காரர்கள் படுத்திருந்தார்கள். மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டிச் சமைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதை. கீழே இருந்த மோட்டாரும் சுவிட்ச் போர்டும் முதலிலேயே மூழ்கிவிட்டதால் குடிக்கத் தண்ணீர் ஏற்ற வழியில்லை. வேளச்சேரியில் கட்டுகிறோம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. இது மறுபடி வராது என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவார்களா?

அதனால் கீழே வண்டி நிற்பதை நான் எதிர்க்கவில்லை. தண்ணீர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் முதல் தளத்தைப் பொதுக்கூடமாக விடுங்கள். வெள்ளியன்றும் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கும் அங்கே சஃப், அதாவது தொழுகை வரிசை, நிற்கட்டும்; மற்ற நாளில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் மக்தப், மருத்துவ முகாம், மழைக்காலத்தில் தங்குமிடம். சமையலறை, ஜெனரேட்டர், மின் இணைப்பு எல்லாம் அந்தத் தளத்திலேயே இருக்கட்டும். விறகடுப்பு மாடி ஏறாது என்பீர்கள். கேஸ் அடுப்புக்கு மாறலாம், தேக்சா இறக்க ஒரு சரக்கு லிப்ட் வைக்கலாம். இரண்டு மினாராவில் ஒன்றைக் குறைத்தால் அந்தச் செலவு சரியாகிவிடாதா? மய்யித் அறையை வாசல் பக்கம் கொண்டுவாருங்கள், ஆம்புலன்ஸ் நேராக வந்து நிற்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். ரமலானில் அங்கே நோன்பு திறக்க மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாகச் சைவ உணவு கொண்டுவந்து தங்கள் கையாலேயே பரிமாறுகிறார்கள். அவர்கள் மனம் பெரியது, உண்மை. கூடவே, அத்தனை பேர் உட்கார இடமும் அங்கே இருக்கிறது.

இனி வசூல். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்ட நோட்டீஸில் ‘ஜகாத்தும் ஏற்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறது. வசதியுள்ளவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டிய தர்மமான ஜகாத் யாருக்குரியது என்று குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் 60-ஆம் வசனம் எட்டுப் பிரிவினரைச் சொல்கிறது. பள்ளிவாசல் கட்ட அதை எடுக்கக் கூடாது என்பதே ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபிலும், அதாவது மார்க்கச் சட்ட வழிகளிலும், உலமாக்கள் சொல்வது. ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள். விதவைகளுக்கும் கடன்காரர்களுக்கும் போக வேண்டிய பணம் சிமெண்ட்டில் கலந்துவிடக் கூடாது. ஜகாத்துக்கு ஒரு கணக்கு, கட்டட நிதிக்கு வேறு வங்கிக் கணக்கு.

அதே நோட்டீஸில் 80ஜி வரிச்சலுகை உண்டு என்றும் போட்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கான அமைப்புக்குத் தரும் நன்கொடைக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பவர் நாளை நம்மிடம்தான் சண்டைக்கு வருவார். வெளிநாட்டுப் பணத்திலும் கவனம் வேண்டும். துபாயில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தங்கள் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்களிடம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ அவசியம். அது கைக்கு வரும்வரை அவர்கள் பணத்தைத் தொடாதீர்கள், எத்தனை நெருங்கிய சொந்தமானாலும்.

பெண்கள் விஷயத்தைக் கடைசியில் வைத்ததால் அது சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். மாதச் சந்தா பாதி வீடுகளில் பெண்கள் கையிலிருந்துதான் வருகிறது. தனிப் படிக்கட்டு, தனி ஒளு இடத்தோடு ஓர் அறை போதும். பஜாருக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்த இடத்தில் அஸர் நேரம் வந்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?

அனுமதிக்குக் கோப்பு போகும் முன், திருத்திய வரைபடத்தை மதரஸா அறையில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். மாலையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெண்கள் வந்து பார்க்க நேரம் ஒதுக்கி, மைக்கில் ஒருமுறை அறிவித்துவிடுங்கள். கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறோம், பொதுக்குழுவில் படித்துப் பதில் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்,
மஹல்லாவின் சந்தாதாரர் ஒருவர்