இசபெல்லாவுக்கு மே மாதம் மட்டுமா?

தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் குழுவினருக்கு,

வணக்கம். இந்த வருஷமும் பிள்ளைகளின் சுற்றுலா லண்டன் ரிச்மண்ட் பார்க்கில் உள்ள இசபெல்லா பிளாண்டேஷன் தோட்டத்துக்குத்தான், அதுவும் மே முதல் ஞாயிறுதான் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தீர்கள். இடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாளைப் பற்றித்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷத்தை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். பதினொன்றரைக்கே வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிட்டது. முக்கால் மணி நேரம் காருக்குள் இருந்தோம். ரோல்ஸ் ஆறிப்போனது, பின் சீட்டில் பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டார்கள். ஒருவழியாக உள்ளே போனால் ஸ்டில் பாண்ட் குளத்தடியில் படம் எடுக்க வரிசை. வடிவுதான், மறுக்கவில்லை. கரையில் ஊதாவும் ரோஸும் வெள்ளையுமாக அசேலியாப் பூப்புதர்கள், தண்ணீருக்குள் அதே நிறங்கள் தலைகீழாக. ஆனால் நல்ல படம் வேண்டுமென்று பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் கால் வைத்தவர்களும் இருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. பிறகுதான் வாசித்தேன்: அசேலியாவின் வேர் மயிர்போல மெல்லியது, ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கும். மிதித்து மண் இறுகினால் செடிக்கு மூச்சு முட்டும்.

அந்தச் செடிகளும் சும்மா வந்தவையல்ல. ஏர்னெஸ்ட் வில்சன் என்ற, தூர நாடுகளில் புதுச் செடிகளைத் தேடித் திரிந்த தாவர வேட்டைக்காரர் 1918இல் ஜப்பானின் குருமே நகருக்குப் போய், அங்கே வளர்த்த அசேலியாக்களில் 50 வகையைத் தெரிந்தெடுத்து மேற்கு நாடுகளுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தொகுப்பைத்தான் இசபெல்லாவில் பேணி வளர்க்கிறார்கள். இன்னொரு விஷயம்: மேயில் விரியும் பூவின் மொட்டு முந்தின வருஷக் கோடையிலேயே கட்டிவிடும். அதாவது நாம் ஒருவரும் எட்டிப் பார்க்காத ஆகஸ்ட்டில்தான் அடுத்த மே மாதத்து வேலை நடக்கிறது. அந்த நேரம் போனால் பிள்ளைகளுக்கு இலைகளுக்கு நடுவே அந்தச் சின்ன மொட்டுகளைக் காட்டலாம். ஓடைக் கரையில் ஐரிஸ் பூக்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் முன்னே, கோடையின் தொடக்கத்தில் போக வேண்டும்.

ஐப்பசியை நீங்கள் தவறவிடுவதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. இந்த இடம் முதலில் பூந்தோட்டமே அல்ல. 1637இல் முதலாம் சார்ல்ஸ் மன்னன் வேட்டைக்காக மதில் கட்டி வளைத்த பூங்காவின் ஒரு மூலை. 1831இல் சிட்மத் பிரபு அதில் 42 ஏக்கரை வேலியடைத்து, மரத்தேவைக்காக ஓக், பீச், செஸ்நட் நட்டார். வேலி இல்லாவிட்டால் மான்கள் ஒரு கன்றையும் மிச்சம் வைத்திருக்காது. இன்றைய தோட்டம் அந்த மரங்களின் நிழலில் 1950களில் உருவானது; 1953இல் மக்களுக்குத் திறந்தார்கள். (இசபெல்லா ஒரு ராணியின் பெயர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். மங்கல் மஞ்சள் நிறத்துக்கு 'இசபெல்' என்று ஒரு பழைய சொல் இருந்தது. மண்ணின் நிறத்தால் வந்த பெயராக இருக்கலாம் என்பார்கள்.)

ஐப்பசியில் அந்த வேலிக்கு உள்ளே நின்றால் வெளியே ஆண் மான்கள் போடும் சத்தம் கேட்கும். துணை தேடும் பருவம் அது. கர்ஜனையா ஏப்பமா என்று தெரியாத ஒரு சத்தம். என் மகள் முதல்தரம் கேட்டபோது யாரோ மோட்டார்சைக்கிளை உதைக்கிறார்கள் என்று நினைத்தாள். காலடியில் செஸ்நட் முள்ளுக்கூடுகள் வெடித்துக் கிடக்கும். அக்காமாரே, பை கொண்டுவர வேண்டாம். பொறுக்கக் கூடாது என்பது பூங்காவின் சட்டம், அது மான்களின் சாப்பாடு.

சரி, குளிர்காலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற தை மாதம், வீட்டுக்குள் இருந்து இருந்து அலுத்துப்போய் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். தொப்பி, மப்ளர், என் கணவரின் ஜாக்கெட், அத்தனையும் போட்டும் வாசல் வரைக்கும் புறுபுறுத்துக்கொண்டே வந்தார். உள்ளே ஓக் மரங்கள் மொட்டையாக நின்றன. அதன் கீழே பளபளத்த பச்சை இலைக்குள் கமேலியா சிவப்பாகப் பூத்திருந்தது. மாமி கையுறையைக் கழற்றி இதழைத் தொட்டுப் பார்த்து, "இது கடையில வாங்கிக் கட்டின பூவோ?" என்று கேட்டார். தேயிலையும் இந்தக் கமேலியாவும் கூடப்பிறப்புகள் என்று சொன்னேன். நம்பவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி மஹோனியா என்ற செடி மஞ்சள் கதிர்களாகப் பூத்து மணத்துக்கொண்டிருந்தது. அன்று முழுத் தோட்டத்திலும் ஆறேழு பேர்தான் இருந்திருப்போம்.

நம் பிள்ளைகள் பெரும்பொழுது ஆறையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். முன்பனி எப்படி இருக்கும் என்று கேளுங்கள், முழிப்பார்கள். லண்டனில் கார்காலம் எது என்று என்னைக் கேட்டால் நானும்தான் முழிப்பேன், அது வேறு கதை. ஆனால் மற்றதெல்லாம் காட்டலாம், ஒரே தோட்டத்தில், ஒரே பாதையில்.

அதனால் கேட்கிறேன். மே சுற்றுலா இருக்கட்டும், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அதைக் காலை ஒன்பதுக்கு வையுங்கள். அதோடு இன்னும் மூன்று ஞாயிறு தாருங்கள்: பெப்ரவரி, ஆகஸ்ட், ஒக்டோபர். நுழைவுக்கட்டணம் இல்லை. கார் வேண்டியதில்லை. கிங்ஸ்டனிலிருந்து 85ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து, கிங்ஸ்டன் ஹில்லில் இறங்கி லாடர்ஸ்டைல் கேட் வழியாக நடக்கலாம். பஸ் ஹயர் பண்ணும் காசில் சுடுதண்ணிப் போத்தல்கள் வாங்கிவிடலாம்.

குழு என்ன முடிவெடுத்தாலும், பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் மகளும் அந்தக் கேட்டடியில் நிற்போம். வருகிறவர்கள் பழைய சப்பாத்துப் போட்டு வாருங்கள், சேறாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா