பழைய கல் பாலங்களின் பராமரிப்பு குறித்துப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நம் ஓடைகளின் மேல் பேருந்துகளையும் மாங்காய் ஏற்றிய லாரிகளையும் இன்றும் தாங்கி நிற்கும் பழைய கருங்கல் வளைவுப் பாலங்களை, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பராமரிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். புதுப் பாலம் கேட்டு வரும் மனுக்களுக்கு நடுவே இது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம், செலவும் சிறியதுதான்.

மரத்தால் கட்டி மேலே கூரை போட்ட பாலங்கள் சுவிட்சர்லாந்திலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. நடப்பவர் நனையாமலிருக்கத்தான் அந்தக் கூரை என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது மரத்துக்கான பாதுகாப்பு: ஈரம் தங்கும் உத்திரம் பூஞ்சை பிடித்து விரைவில் இற்றுவிடும், உலர்ந்தே இருக்கும் உத்திரமோ நூறாண்டு கடந்தும் பாரம் தாங்கும். கூரை நைந்தால் மாற்றிக்கொள்ளலாம், உத்திரத்தை மாற்றுவது எளிதன்று என்பதே கட்டியவர்களின் கணக்கு. நியூயார்க் மாநிலத்தில் 1855இல் கட்டிய பிளென்ஹைம் பாலம், 2011இல் புயல் வெள்ளம் அடித்துச் செல்லும்வரை நின்றது. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரிலுள்ள 14ஆம் நூற்றாண்டுக் கூரைப் பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் எரிந்தது. அடுத்த ஏப்ரலிலேயே அதை மீட்டுக் கட்டித் திறந்துவிட்டார்கள்.

நம் கல் பாலங்களுக்கு அந்தக் கூரையின் வேலையைச் செய்பவை கல்லிடுக்கில் உள்ள சுண்ணாம்புக் காரையும், நீர் வடிய விட்ட துளைகளும்தாம். அவற்றின் நிலையை அறிய மேலே நின்றால் போதாது, ஓடைக்குள் இறங்க வேண்டும். காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று விரல் பருமனான வேரைக் கல்லிடுக்கில் செலுத்தியிருப்பதும், அதன் கீழே காரை உதிர்ந்து உப்புப் பூத்திருப்பதும் அங்கேதான் தெரியும். மேலேயோ, தார்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர் கணுக்கால் அளவாகி, வடிதுளைகள் அடைபட்டுப்போகின்றன. தேங்கும் நீரும் கூடுதல் தாரின் எடையும் அந்த வளைவின் மேல்தான் இறங்குகின்றன. சுவரில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிப்பது மட்டும் எங்கும் தவறுவதில்லை.

கன்றை அரிவாளால் சீவினால் அடுத்த மழைக்கே துளிர்க்கும் என்பதால், வேரோடு அகற்றி அவ்விடத்தைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். சிமென்ட் பூசுவது கைக்கு எளிது. ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. புதுத் தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுப்பது 2021இல் தலைமைச் செயலாளரே சாலைகளுக்கு அறிவுறுத்திய முறைதான். பாலங்களில் அதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கலாம்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு வெள்ளத்தில் பாலத்தின் கண்களைச் சீமைக் கருவேல முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால், நீர் பக்கத்து மண்கரையை அறுத்துக்கொண்டுதான் போகும். வெள்ளம் வடிந்தபின் தூண்களின் அடிமண் அரித்திருக்கிறதா என்று பார்ப்பதும் பராமரிப்பில் சேர வேண்டும்.

ஒவ்வொரு பாலத்துக்கும் கடைசியாக ஆய்வு செய்த நாளையும் செய்த வேலையையும் குறித்த பதிவேடு ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆய்வுக்குப் புரட்டாசியிலேயே நாள் குறித்து முன்கூட்டித் தெரிவித்தால், ஓடையில் இறங்கி முள் வெட்ட ஊர்க்காரர்களும் உடன் வருவோம்.

இங்ஙனம்,
காவேரிப்பட்டணம் வட்டாரக் குடிமகன் ஒருவன்